மாதக் கடைசியில் வந்த தலைதீபாவளி

டெல்லி துவாரகாவில் நான் குடியிருந்த வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் கையிலிருக்கும் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அவர் மனைவிக்கு அந்த நேரம் பார்த்துக் குக்கர்மேல் அக்கறை வந்துவிடும். கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்த மகள் என்னைப் பார்ப்பாள். நான் போய் எடுத்து, "சாப் மந்திர் கயே ஹைன்" என்று சொல்லிவிட்டு வைப்பேன்.

சாப், அதாவது வீட்டுக்காரர், கோவிலுக்குப் போனவரே இல்லை. என்னிடமிருந்து நான்கடி தூரத்தில் கைலியோடு உட்கார்ந்திருப்பார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. துவாரகாவுக்கு மெட்ரோவின் தூண்கள் வந்திருந்தன, மெட்ரோ வரவில்லை. தண்ணீர் லாரியில் வந்தது. முனிர்காவில் மூன்று பேரோடு ஒரே அறையில் சில வருடங்கள் கிடந்துவிட்டு, தனி வாசலுள்ள பின்னறை வாடகைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இங்கே வந்தேன். ஓர் ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியர் வேலை. மாலையில் போய், மற்றவர்கள் எழுதியதில் பொய் இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். காலையிலும் மதியத்திலும் வீட்டில் இருப்பேன். வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டதற்கு ஈடாக இந்தத் தொலைபேசிப் பொறுப்பு எப்படியோ என்மேல் வந்து விழுந்தது. பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குச் சொல்லவும் தெரிந்திருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அக்கா என்று நான் கூப்பிட்டது வீட்டுக்காரரின் மனைவியை. இருவரும் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் இருபது வருடங்களுக்கு மேல் விமானப்படையில் போர் விமானம் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றுப் பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் விமானியாகச் சேர்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. மீசை மட்டும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது. ஊர் ஊராக மாற்றலாகிப் போனதில் இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. கோபம் வந்தால் மட்டும் சுத்தமான திருநெல்வேலி.

கோபம் அடிக்கடி வரும். காரணம் சீனியாரிட்டி.

விமானிகளின் உலகத்தில் யார் பெரியவர் என்பதை ஒன்றே ஒன்று தீர்மானிக்கிறது: அந்த நிறுவனத்தில் சேர்ந்த நாள். எத்தனை வருடம் பறந்தார், எதில் பறந்தார், யாரைச் சுட்டார் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். பறக்கும் கிளப்பில் படித்துவிட்டு முகப்பரு காயாமல் சேர்ந்த பையன், அவருக்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தால் அவன் சீனியர். வானத்தில் இவர் எதிரில் வந்தால் உயிரோடு திரும்பியிருக்க முடியாத ஆட்களெல்லாம் வரிசையில் இவருக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனாகப் பதவி உயர்வு வந்தபோது, கேப்டன்கள் வரிசையின் அடியில் மறுபடி புதிதாகப் போய் நின்றார்.

இந்த வரிசை சும்மா மரியாதைக்கு இருப்பதல்ல. மாதச் சம்பளம் குறிப்பிட்ட மணி நேரப் பறத்தலுக்குத்தான். அதற்கு மேல் பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஓவர்டைம், அதுவும் கொழுத்த விகிதத்தில். ஆனால் விமானம் நகரத் தொடங்கி நிற்கும்வரை உள்ள நேரம்தான் கணக்கு. ஜெய்ப்பூருக்கும் லக்னோவுக்கும் நாள் முழுக்கத் தத்தித் தத்திப் போய் வந்தால் உடம்பு நோகும், மணி ஏறாது. வளைகுடாவுக்கு ஒரு தடவை போய் வந்தால் மணி மளமளவென்று ஏறும். எந்த விமானம் யாருக்கு என்று தேர்வு செய்கிற உரிமை சீனியரிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும். வளைகுடா மேலேயே தங்கிவிடும். இறங்கி வருவது ஜெய்ப்பூர்.

பாலம் விமான நிலையத்தில் விமானிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஷெட்யூலிங். எந்த விமானிக்காவது திடீரென்று வயிற்றுவலி வந்தால், அவர்கள் வரிசைப்படி மேலிருந்து ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு ஆள் தேடுவார்கள். அந்த அழைப்பு எங்கள் வீட்டை எட்டுகிறது என்றால், மேலே உள்ள அத்தனை பேரும் வேண்டாமென்று தள்ளிய சள்ளை அது என்று அர்த்தம். விமானியே நேரில் சரி என்று சொன்னால்தான் செல்லும். மனைவியிடம் சொன்னது, மகளிடம் சொன்னது, குடித்தனக்காரனிடம் சொன்னது எதுவும் செல்லாது. அதனால்தான் மந்திர்.

ஷெட்யூலிங்கில் இருந்தவர் ஹரியானாக்காரர். குரல் மட்டும்தான் எனக்குப் பழக்கம். ஒரு கட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மந்திர்?" என்று அவரே கேட்டுவிட்டு, நான் "ஜி" என்றதும் வைத்துவிடுவார். இருவருக்கும் நேரம் மிச்சம். பிறகு, அழைப்பவரின் எண்ணைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கித் தொலைபேசியோடு இணைத்தார்கள். அன்றிலிருந்து ஷெட்யூலிங் எண் தெரிந்தால் மணி அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவோம். எனக்கு அந்த ஹரியானாக் குரல் இல்லாமல் மதியங்கள் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தன.

அந்த வீட்டில் இன்னொரு விசித்திரம் சமையலறைக் கடிகாரம். அது லண்டன் நேரம் காட்டியது. உலகத்து விமானங்கள் எல்லாம் ஒரே கடிகாரப்படி ஓடவேண்டுமாம். பக்கத்திலிருக்கும் ஜெய்ப்பூருக்குப் போகிற விமானமும் பணிப்பட்டியலில் லண்டன் நேரப்படிதான் கிளம்பும். அந்தப் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். அதில் உள்ள நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி, அதிலிருந்து இட்லிக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று கழித்து, அக்கா அடுப்பைப் பற்றவைப்பார். பால்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்து, கடிகாரம் பழுதாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். "அது நல்லாத்தான் இருக்கு பையா, நாங்கதான் பழுது" என்றார் அக்கா, தமிழிலேயே.

விமானிகளைக் கூட்டிப்போக வரும் காரிலும் வரிசைதான். ஜூனியரை முதலில் ஏற்றுவார்கள். அவர் ஊர் முழுக்கச் சுற்றி மற்றவர்களைப் பொறுக்கிக்கொண்டு போவார். கடைசியில் ஏறுபவர் சீனியர், அவருக்குத் தூக்கம் அதிகம். திரும்பி வரும்போது சீனியரை முதலில் இறக்குவார்கள். ஒரே ஒரு நாள் டிரைவர் இதைக் குழப்பிவிட்டார். சீனியர் இளைஞன் ஒருவன் ஏற்கெனவே பின்சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருக்கும்போது கார் எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பா மறந்துவிட்டுப் போன தொப்பியை எடுத்துக்கொண்டு மகள் கீழே ஓடினாள். அவன் விழித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் தூக்கத்தை விட்டு முதலிலேயே காரில் ஏறிக்கொள்ளத் தொடங்கினான், அவர் தொப்பியை மறக்காத நாள்களிலும் அவள் கீழே போனாள்.

அவன் டெல்லியிலேயே பிறந்த பஞ்சாபிப் பையன். அதே நிறுவனம், அதே ரக விமானம், அவனும் கேப்டன். விஷயம் வெளியே வந்த அன்று சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன்.

"பஞ்சாபிப் பையன்னு யோசிக்கீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"பஞ்சாபின்னா என்ன? பட்டாளத்துல பாதிப்பேரு பஞ்சாபிதான். எனக்கு எவ்வளவு மேல இருக்கான் தெரியுமா? என்னைய மாமனார்னு நெனைப்பானா, ஜூனியர்னு நெனைப்பானா?"

"லிஸ்டெல்லாம் பாலத்தோட போச்சு. இந்த வீட்டுல நான்தான் மொதல்ல சேர்ந்தவ. நான் சரிங்கேன். நீங்களும் சரின்னுருங்க."

கல்யாணம் கோடையில் நடந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம் விடுப்பு கிடைத்தது. பெண்ணின் தகப்பனாருக்கு முகூர்த்தத்தன்றும் மறுநாளும். தாலி கட்டி முடிந்ததும் அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துப் பந்தி பரிமாறுகிறவர், "சார், கார் வெயிட்டிங்கா?" என்று கேட்டார். உண்மையிலேயே கார் வந்திருக்கிறதோ என்று அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

அதனால் தலைதீபாவளியை அவர் விடுவதாக இல்லை. விமானப்படையில் இருந்த காலத்தில் பல தீபாவளிகள் எல்லையில் போயின. இந்த நிறுவனத்தில் சேர்ந்த பிறகு எல்லாத் தீபாவளியும் ஜெய்ப்பூரில் போயின. ஒரே மகள், முதல் தீபாவளி, மாப்பிள்ளையை உட்கார வைத்து எண்ணெய் வைக்கும்போது தான் வீட்டில் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

செப்டம்பரில் அக்கா கரோல்பாகிலிருந்து வாங்கிவந்த தமிழ்க் காலண்டரைப் புரட்டினார். தீபாவளி அந்த வருடம் மாதத்தின் கடைசி நாளில் வந்திருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அமாவாசை தப்பிவிட்டதோ என்று நினைத்தேன்.

"மாசக் கடைசி தம்பி" என்றார் என்னிடம். "செத்தோம்."

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் பென்சிலை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் படம் போட்டு விளக்கினார். ஒரு விமானி ஒரு மாதத்தில் இவ்வளவு மணிக்கு மேல் பறக்கக்கூடாது என்று அரசாங்கம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. களைத்தவன் கையில் விமானத்தைக் கொடுக்கக்கூடாதல்லவா. சீனியர்கள் நீண்ட விமானங்களாகப் பொறுக்கி, ஓவர்டைமை மாத ஆரம்பத்திலேயே அள்ளி, கடைசி வாரத்துக்குள் அந்த எல்லையை முட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களே ஆசைப்பட்டாலும் பறக்க முடியாது. பணத்தையும் வாங்கிக்கொண்டு, சட்டப்படி ஓய்வும் எடுத்துக்கொண்டு, வீட்டில் சீட்டாடுவார்கள். மாதக் கடைசியில் மணி மிச்சமிருப்பது அடியில் கிடக்கிற ஜூனியர்களிடம் மட்டும்தான். நிறுவனம் அவர்களைப் பிடித்து உலுக்கும். அப்போது பார்த்துத் தீபாவளி.

இதே விஷயத்தை எங்கள் பத்திரிகையும் அந்தச் சமயத்தில் எழுதிக்கொண்டிருந்தது, தலைகீழாக. கொழுத்த ஓவர்டைம் வாங்கும் விமானிகள் மாதக் கடைசியில் வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்று ஒரு நிருபர் கொதித்திருந்தார். மணி எல்லையைப் பற்றி ஒரு வரி நான் சேர்த்தேன். தலைமைத் துணை ஆசிரியர் அதை அடித்துவிட்டார். "நம்ம வாசகர் விமானத்தில் போகிறவர், ஓட்டுகிறவர் இல்லை" என்றார்.

வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழி எளிமையானது. சீனியர்கள் ஆசையால் செய்வதை இவர் திட்டமிட்டுச் செய்வது. தீபாவளிக்குள் தன் மணியையெல்லாம் பறந்து தீர்த்துவிட வேண்டும். மணி தீர்ந்துவிட்டால் யார் தலைகீழாக நின்றாலும் அவரைக் கூப்பிட முடியாது.

மாதம் பிறந்தது. மதியம் தொலைபேசி அடித்தது. பெட்டியில் ஷெட்யூலிங் எண். நான் வழக்கம்போல மணி ஓயட்டும் என்று இருந்தேன். அவர் செய்தித்தாளை வீசிவிட்டு, முதல் மணி முடிவதற்குள் எடுத்தார். 

"சார்? ஆப் குத்?" என்று கேட்டது ஹரியானாக் குரல். அந்த அதிர்ச்சி எனக்கே கேட்டது.

"ஆமா, நானேதான். எங்கே போகணும், சொல்லுங்க" என்றார் இந்தியில்.

ஆனால் ஓவர்டைம் தரும் விமானம் எதுவும் வரிசைப்படி மேலிருந்துதான் இறங்க வேண்டும். சீனியர்கள் அத்தனை பேரும் மறுத்தால்தான் இவருக்கு. சாதாரண நாளில் மறுப்பார்களா? இங்கேதான் டெல்லி கைகொடுத்தது. தசரா வந்தது. ராவணனைக் கொளுத்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் மேலே உள்ளவர்கள் மறுத்தார்கள். இவர் பறந்தார். பிறகு கர்வா சவுத் வந்தது. கணவனின் ஆயுளுக்காக மனைவி நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, நிலவு வந்ததும் சல்லடை வழியாக அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பிட வேண்டும். அன்று மாலை முகம் வீட்டில் இல்லாத கணவனின் ஆயுளுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். வட இந்திய விமானிகள் ஒருவர் பாக்கியில்லாமல் வயிற்றுவலி என்றார்கள். வளைகுடா விமானம் ஒன்று, ஆதரவற்ற குழந்தைபோல, வரிசையின் உச்சியிலிருந்து அடிவரை இறங்கி வந்து எங்கள் வீட்டுத் தொலைபேசியில் அழுதது.

"மேடம் வ்ரத் நஹீன் ரக்தீ?" என்று கேட்டாராம் ஹரியானாக்காரர். உங்கள் மனைவி விரதம் இல்லையா?

அக்கா சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். "அவுக ஆயுசு எதுக்குக் கொறையப்போகுது? நான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

மணி ஏறியது, பெயர் கெட்டது. அடியில் கிடப்பவன் ஓவர்டைமுக்கு அலைகிறான் என்று பாலம் முழுக்கப் பேச்சு. ஒரு சீனியர் கேப்டன் தேநீர்க் கடையில் எல்லோர் முன்னாலும் "லாலச்சி" என்றே சொல்லிவிட்டாராம், பேராசைக்காரன் என்று. உண்மைக் காரணத்தைச் சொன்னால் திட்டம் வெளியாகிவிடும். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, வீட்டுக் கடன் என்று சொல்லிவிட்டு வந்தார். பட்டாளத்தில் யாரும் தன்னை அப்படிச் சொன்னதில்லை என்று வீட்டுக்கு வந்து பொருமினார்.

"பட்டாளத்துல ஓவர்டைம் கிடையாதுல்லா" என்றார் அக்கா.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு சிக்கல். எல்லையை முட்டக் கொஞ்சம் மணி மிச்சமிருந்தது. ஜெய்ப்பூர் போக வரப் போதாது, ஆனால் போகப் போதும். "போகும்போது ஓட்டுங்க சார், வரும்போது பாசஞ்சராக வாங்க" என்றார் ஹரியானாக்காரர், தீபாவளியன்று காலைக்கு. எப்போதுதான் இவர்களுக்கு மூளை வேலை செய்யும் என்று தெரியாது. இவர் அதற்குப் பிடிகொடுக்காமல், மறுநாளே லக்னோவுக்குப் போகிற நடையை மட்டும் வாங்கிக்கொண்டு, தரையில் மெதுவாகப் போய் மிச்ச மணியைத் தின்றுவிட்டு, பயணியாகத் திரும்பி வந்தார். விமானம் நகரத் தொடங்கினாலே கணக்கு ஓடுமே. லக்னோவிலும் பாலத்திலும் அந்த விமானம் தேர் போல அசைந்து அசைந்து ஊர்ந்ததாக அவரே சொன்னார். பின்னால் வந்த விமானங்கள் கட்டுப்பாட்டு அறையில் முறையிட்டன. இறங்கும்போது ஒரு வயதான அம்மாள் அவர் கையைப் பிடித்து, இவ்வளவு நிதானமாக ஓட்டிய பைலட்டை இதுவரை பார்த்ததில்லை என்று ஆசீர்வதித்தாராம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிச் சோபாவில் எறிந்தார். "முடிஞ்சுது. இனி ஒரு நிமிஷம் ஓட்டினாலும் சட்ட விரோதம்." சமையலறைக் கடிகாரத்துக்குச் சல்யூட் அடித்தார்.

தீபாவளிக்கு முந்தைய நாள் மதியம் மகள் குர்கானில் இருந்த புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்தாள். வீட்டில் அதிரசம் வேகிற வாசனை. புது வேட்டி, புடவையெல்லாம் மஞ்சள் தடவித் தயாராக இருந்தன.

"மாப்ள எங்கட்டி?" என்றார் அக்கா.

"நாளைக்கு லேண்ட் ஆனதும் நேரா இங்க வந்துடுவாரு மா. நாளன்னிக்கு ஃபுல் ஆஃப்."

அக்காவின் கை வாணலிக்கு மேலே அப்படியே நின்றது. இவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நாளைக்கு லேண்டிங்கா?" என்றார். "நாளைக்குல்லா தீபாவளி?"

"அரே அப்பா, அதான் ஆஃப் எடுத்துருக்காரே. தீவாளிக்கு. சீனியாரிட்டில ஈஸியா கெடச்சுதாம்."

அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எங்கள் தீபாவளி சதுர்த்தசியன்று விடியற்காலையில் எண்ணெய் முழுக்கோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் தீபாவளி அதற்கு மறுநாள் அமாவாசை மாலை, லட்சுமி பூஜையோடு. எங்கள் பண்டிகை நாள் அவர்களுக்கு ‘சோட்டி தீவாளி’, வீடு பெருக்கி விளக்கு வாங்கும் நாள். நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலில் இருக்கும் நாளைத்தான் மாப்பிள்ளை வாங்கியிருந்தான். வேறு எந்த நாளை வாங்குவான்? டெல்லியில் பிறந்து வளர்ந்த மகள், ஒவ்வொரு வருடமும் முதல் நாள் எண்ணெயும் மறுநாள் பக்கத்து வீட்டு மிட்டாயுமாக இரண்டையும் கொண்டாடியவள், கேட்கவே தோன்றவில்லை. இவர் ஒரு மாதம் முழுக்கத் தன் மணியைத்தான் எண்ணினார். மாப்பிள்ளை சீனியர், அவனுக்கு என்ன குறை என்று இருந்துவிட்டார்.

அவனுக்கு மறுநாள் விடியற்காலையில் விமானம்.

இவர் எழுந்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, அவராகவே ஷெட்யூலிங் எண்ணைச் சுழற்றினார்.

"நாளைக் காலை விமானத்தை நான் எடுத்துக்கறேன். அந்தப் பையனை விட்டுடுங்க."

ஹரியானாக்காரர் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. "சார், ஆப்கே கண்டே கதம்!" உங்கள் மணிதான் தீர்ந்துபோயிற்றே. "நீங்கள்தானே சார் மாதம் பூராவும் பறந்து தீர்த்தீர்கள். இப்போது உங்களைக் காரில் ஏற்றினாலே என் வேலை போய்விடும்."

"வேற யாரையாவது கேளுங்க. எனக்காக."

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர், கேட்கவும் செய்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். மணி மிச்சமிருந்த சிலரின் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டாயிற்று. ஒரு வீட்டில் யாருமே எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு சின்னக் குழந்தை எடுத்து, அப்பா மந்திர் போயிருக்கிறார் என்றதாம்.

இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

தீபாவளி விடிந்தது. அவர் நாலு மணிக்கே எழுந்துவிட்டார், பழக்கம். பாடுபட்டுச் சம்பாதித்த ஓய்வு, செய்ய ஒன்றுமில்லை. மாப்பிள்ளை வராமல் எண்ணெய்க் கிண்ணத்தில் யாரும் விரல் வைக்கக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, துவாரகாவின் கட்டடங்களுக்கு மேல் தாழ்ந்து பாலத்தில் இறங்கும் விமானங்களை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருந்தார். நன்றாக வெயில் ஏறிய பிறகு ஒன்று வந்தது.

"அந்தா வாரான்" என்று எழுந்து நின்றார். "சக்கரத்த எப்ப எறக்குதான் பாரு, கடேசில. எங்க காலத்துல இப்படி எறக்கினா வீட்டுக்கு அனுப்பிருவான்."

கார் நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. அதில் இருந்தவர்களில் மாப்பிள்ளைதான் சீனியர், அதனால் அவனை முதலில் இறக்கினார்கள். அந்த வரிசையால் இந்த வீட்டுக்கு நடந்த ஒரே நன்மை அதுதான் என்று நினைக்கிறேன். தோள்பட்டையில் பட்டைக் கோடுகளோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தப்பு செய்த பள்ளிக்கூடத்துப் பையன்போல நடையில் நின்றான். மகள் எல்லாவற்றையும் முன்பே செல்பேசியில் சொல்லியிருக்க வேண்டும்.

"சாரி பாபா. முஜே லகா கல் ஹை" என்றான். நாளைக்கு என்று நினைத்துவிட்டேன்.

இவர் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. சூரியன் பால்கனியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்திருந்தது. விடியற்காலை முழுக்கு என்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. "போகட்டும், மூஞ்சி கழுவிட்டு டிபன் சாப்பிடச் சொல்லு" என்றார் மனைவியிடம், தமிழில்.

அக்கா சமையலறைக்குள் போனார். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அங்கே மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி எடுத்துவந்து, கூடத்தில் கோலம் போட்டு வைத்திருந்த மணைக்குப் பக்கத்தில், பலகாரத் தட்டோடு தட்டாகச் சாய்த்து வைத்தார்.

"மணி அஞ்சு" என்றார். "இன்னும் விடியல. உக்காருங்க மாப்ள."

"இது லண்டன் டைம்லா?" என்றார் இவர்.

"இத்தனை வருஷமா அந்த டைமுக்குத்தான நான் இட்லி அவிச்சேன்? தீவாளிய மட்டும் டெல்லி டைமுக்கு எதுக்குச் செய்யணும்?"

மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்ததும் அவனுக்கு மட்டும் உடனே புரிந்தது. தலையாட்டி, "ஸீரோ ஃபைவ் ஹண்ட்ரட், கரெக்ட் மம்மி" என்றான். பட்டைக் கோடுச் சட்டையைக் கழற்றிவிட்டு, புது வேட்டியைச் சுற்றி, அது நிற்காததால் சீருடை பெல்ட்டை அதன்மேல் இறுக்கிக்கொண்டு மணையில் உட்காரப் போனான். மாமனாரைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கினான். நீங்கள் முதலில் என்று கை காட்டினான்.

"நீங்க உக்காருங்க மாப்ள. தலைதீவாளிக்கு மொதல்ல உங்களுக்குத்தான்" என்றார் அக்கா. "அவுக அப்புறம்."

"இங்கயும் இவன்தான் சீனியரா?" என்றார் இவர்.

 அக்கா எண்ணெயில் விரலைத் தோய்த்து மாப்பிள்ளை உச்சியில் வைத்தார். பிறகு மகளுக்கு. இவர் தன் முறைக்காகப் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், கடைசியில்.

மாலையில் பக்கத்துக் கட்டடங்களில் சரவிளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மறுநாள்தானே பண்டிகை. நானும் அன்று விடுப்பு போட்டிருந்தேன், எல்லோரும் லேகியம் தின்றுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். தொலைபேசி அடித்தது. பெட்டியில் ஷெட்யூலிங் எண். அக்கா குக்கர் பக்கம் திரும்பினார். மகள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கை தானாகவே செய்தித்தாளைத் தேடியது. அது பயிற்சியில் வந்தது.

இவர் காலண்டரைப் பார்த்தார். மறுநாள் ஒன்றாம் தேதி. புது மாதம் பிறக்கிறது, அவர் மணிகளெல்லாம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் பெரிய தீபாவளி. எழுந்து போய் எடுத்தார்.

"நஹீன், மந்திர் நஹீன் கயே. போலியே" என்றார். கோவிலுக்குப் போகவில்லை, சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: "ட்வென்டி த்ரீ ஹண்ட்ரட். ஜெய்ப்பூர். ஓகே."

சமையலறையிலிருந்து அக்கா ஐந்தரையைக் கூட்டி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நாலரை மணிக்கா? அப்ப ரெண்டரைக்கு எந்திரிக்கணும்" என்றது குரல். "கிண்ணத்துல எண்ணெய் மிச்சம் கெடக்கு. விடியுமுன்ன முழுகணும்னு ஒரு மாசமா தவிச்சீங்கள்லா, நாளைக்கு நல்லா முழுகிட்டுப் போங்க."